எட்டு மூடிகள்

அடையாறு காந்தி நகரில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்த அந்தக் கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் அது ராம்குமாரின் வேலை. மற்ற நாட்களில் அவர் செம்புக் கம்பிகளைக் கட்டி மேய்ப்பவர். அன்று ஒரு நாள் மட்டும் பூசாரி. தி.நகரில் அவருடைய அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தார், இப்போது அண்ணன் பார்த்துக்கொள்கிறார். ராம்குமார் கடையை விட்டுப் பொறியியல் படிக்கப் போனாரே தவிர, கடை அவரை விட்டுப் போகவில்லை. பொரி, கடலை, பூசணிக்காய், வாழைக்கன்று எல்லாவற்றையும் அவரே பேரம் பேசி வாங்கி ஆட்டோவில் ஏற்றி வருவார். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் சந்தனப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைப்பார். காப்பி மெஷினைக்கூட விடமாட்டார். நாற்பத்தேழு வயதில் இதற்கு ஒரு தனி உற்சாகம் அவருக்கு.

நெய்தல் சிஸ்டம்ஸ் என்று பெயர் வைத்திருந்த அந்தக் கம்பெனி, புயல் எங்கே கரையைக் கடக்கும் என்பது போன்ற ராட்சசக் கணக்குகளைப் போடும் கணினிகளை வடிவமைத்தது. ஓர் ஆள் உயர அலமாரி, அதற்குள் அறுபத்துநான்கு சிப்புகள். கணக்குப் போடுவதில் அந்த அறுபத்துநான்குக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை. கூட்டுக் குடும்பம் மாதிரிதான், தகராறெல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில். ஒன்று போட்ட விடை அடுத்ததற்குப் போய்ச் சேரும்வரை அடுத்தது சும்மா உட்கார்ந்து மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

அந்தப் பேச்சுக்கு இருபத்துநாலு வருஷமாக ராம்குமார் போட்டுக்கொடுத்தது செம்புப் பாதை. செம்பு நல்ல பிள்ளை. எண்ணெய்க் கையோடு தொடலாம், தப்பாகச் சொருகிப் பிடுங்கலாம், கோபித்துக்கொள்ளாது. ஆனால் வேகம் கூடக் கூட அதற்கு மூச்சு வாங்கும். நொடிக்கு நூறு கோடித் துடிப்பு என்றிருந்த காலத்தில் அலமாரியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடிய சமிக்ஞை, ஐயாயிரம் கோடித் துடிப்பு என்றானதும் ஒரு முழம் தாண்டுவதற்குள் குரல் கம்மிவிட்டது. வழி நெடுக அதைத் தூக்கி நிறுத்தக் குட்டிச் சிப்புகள் வேண்டியிருந்தன. அதற்கு மின்சாரம், மின்சாரத்தால் சூடு, சூட்டுக்கு விசிறி. ராம்குமாரின் அலமாரி ஓடினால் பக்கத்தில் நின்று பேச முடியாது.

சாருலதா கொண்டுவந்தது வெளிச்சம். முப்பத்தொரு வயது, மயிலாப்பூர்க்காரி, ஆராய்ச்சிப் பட்டம் முடித்த கையோடு சேர்ந்தவள். செம்புக் கம்பிக்குப் பதில் கண்ணாடி இழை, மின்சாரத்துக்குப் பதில் லேசர். சமிக்ஞையை அடையாறில் விட்டால் மயிலாப்பூரில் எடுத்துக்கொள்ளலாம், வழியில் பெரிதாக இளைத்திருக்காது. அலமாரிக்குள் இருக்கும் இரண்டு கஜம் அதற்கு ஒரு தூரமே இல்லை. ஆனால் வெளிச்சம் மகா ஆசாரம். இழைக்குள் அது ஓடும் பாதை ஒரு தலைமயிரில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். அதன் வாயில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி உட்கார்ந்தால் போதும், பேச்சு நின்றுவிடும்.

கம்பெனியின் தலைவர் ஸ்ரீனிவாசராகவன் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "ரெண்டையும் வச்சுண்டு நான் குடித்தனம் பண்ண முடியாது. வாடிக்கையாளர் ஆயுத பூஜை முடிஞ்சு திங்கட்கிழமை வரா. ரெண்டு அலமாரியும் எழுபத்திரண்டு மணி நேரம் ஓடட்டும். எது நிக்காம ஓடறதோ அதுதான் நம்ம டிசைன். மத்தது கிடையாது."

மற்றது கிடையாது என்றால் அந்தக் குழுவும் கிடையாது என்று அர்த்தம். செம்புக் குழுவில் ராம்குமாரின் கீழ் ஏழு பேர். வெளிச்சத்தில் சாருலதாவும், பாதி நேரத்துக்கு இன்னொருவரும். வாடிக்கையாளர்களுக்கு வெளிச்சத்தின்மேல்தான் ஆசை என்பது ராம்குமாருக்குத் தெரியும். அவர்களுடைய மின்கட்டணம் அப்படி. ஒரு மாதமாக அவருக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. நாற்பத்தேழு வயதில் செம்பு மட்டுமே தெரிந்தவனை யார் வேலைக்குச் சேர்ப்பார்கள் என்பதை அவர் தினமும் ஒரு தடவை யோசித்துவிடுவார்.

பூஜை வியாழக்கிழமை வந்தது. சாருலதாவுக்கு வீட்டில் சரஸ்வதி பூஜை, விடுப்பு எடுத்திருந்தாள். புதன்கிழமை மாலையே தன் அலமாரியின் முகப்பில் கேபிள் சொருகும் எட்டு வாய்களையும் துடைத்து, ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் பார்த்து, எட்டுக்கும் மஞ்சள் மூடி போட்டுவிட்டுப் போனாள். அந்த அலமாரிக்கு மாற்று கிடையாது. லேசர் பகுதியைச் சிப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டி, இழைகளை நிரந்தரமாகப் பதித்து, பதினாலு மாதம் காத்திருந்து தைவானிலிருந்து வந்த ஒரே ஒரு முன்மாதிரி அது. கெட்டால் பிடுங்கி மாற்ற முடியாது.

ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் தமிழ்நிலா. ராயப்பேட்டைக்காரி, அந்த லேபில் பதினோரு வருஷமாகப் பற்றவைப்பு வேலை செய்யும் டெக்னீஷியன். ராம்குமார் வெளிச்ச அலமாரியின் முன்னால் போய் மூடிகளைக் கழற்ற ஆரம்பித்ததும் அவள் தயங்கினாள்.

"சார், சாரு மேடம் அத்தத் தொடாதீங்கன்னு சொல்லிட்டுப் போச்சு."

"அதத் தொடலம்மா, மூடியத்தான் தொறக்கேன். மூடி போட்டதுக்குப் பூசை ஏறாது."

அது அவர் அப்பா வைத்த சட்டம். பாத்திரக்கடையில் ஆயுத பூஜை அன்று கல்லாப்பெட்டி, தராசுப் பெட்டி, அண்டா, தூக்குவாளி, எதற்கும் மூடி இருக்கக்கூடாது. எல்லாம் வாய் திறந்து இருக்க வேண்டும், அப்போதுதான் லட்சுமி உள்ளே வருவாள். மூடியோடு ஒரு சம்புடம் இருந்ததற்காக ராம்குமாரே சின்ன வயதில் கடை நடுவில் வைத்து அறை வாங்கியிருக்கிறார். போட்டிக்காரியின் இயந்திரம் என்று அதை மட்டும் மூடி வைத்தால் தன் மனசு சின்னதாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது. தன் பெருந்தன்மையை எண்ணி அவருக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எட்டு மூடிகளையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதே பையில்தான் குங்குமப் பொட்டலம் இருந்தது, காலையிலிருந்து பிரித்துப் பிரித்துக் கிழிந்துபோய். சாம்பிராணி காட்டி, கற்பூரம் காட்டி, எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகு, மூடிகளை எட்டும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துத் திரும்பப் போட்டார். பிறகு பொரி சாப்பிடப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை சாருலதா கபாலி கோயிலுக்குப் போய்விட்டு நேராக வேலைக்கு வந்தாள். நெற்றியில் பெரிதாகக் குங்குமம். வாடிக்கையாளர்கள் நாலு பேர் லேபில் வந்து நின்றுவிட்டார்கள். பார்க்காமல் சொருகாதே என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. இழையின் வாயை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுத்தான் கேபிளைச் சொருக வேண்டும். அந்த விதியை அந்தக் கம்பெனிக்குச் சொல்லிக்கொடுத்தவளே சாருலதாதான். ஆனால் தானே துடைத்து, தானே பார்த்து, தானே மூடிவிட்டுப் போனது; மூடிகள் வைத்தபடி இருக்கின்றன; நாலு பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மூடிகளைக் கழற்றி எட்டுக் கேபிளையும் வரிசையாகச் சொருகினாள்.

முதல் நாள் அவளுடைய அலமாரி ஓடியது ஓட்டம். சத்தமில்லை, சூடில்லை. அடுத்திருந்த ராம்குமாரின் அலமாரி பஸ் ஸ்டாண்டு போல இரைந்துகொண்டிருந்தது. வந்தவர்களில் ஒருவர் வெளிச்ச அலமாரியின்மேல் கையை வைத்துப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டார். ராம்குமார் அதைப் பார்த்துவிட்டு மத்தியானம் சாப்பிடவே இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கு மேல் வெளிச்சத்தில் பிழைகள் தலைகாட்டின. முதலில் மூன்றாவது வாயில், பிறகு ஏழாவதில். நாலு மணிக்கு இரண்டு பாதைகள் செத்துப்போயின, மற்றவை தள்ளாடின. சாருலதா ஓட்டத்தை நிறுத்தி, கேபிளைப் பிடுங்கி, வாயில் நுண்ணோக்கியை வைத்தாள். திரையில் கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. சுத்தமான வட்டமாக இருக்க வேண்டிய இடத்தில், நட்டநடுவில், அப்பளத்தில் தீய்ந்த இடம்போலக் கறுப்பாக ஒரு திட்டு. எட்டு வாயிலும் அப்படித்தான். ஏதோ ஒரு தூள், லேசர் சூட்டில் கண்ணாடியோடு வெந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

ராம்குமார் அவளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வெள்ளைத் துடைப்பு நாடாவால் வாயின் ஓரத்தை ஒற்றி எடுத்து விளக்கில் பிடித்தாள். நாடாவில் மங்கலாக ஒரு சிவப்பு.

"குங்குமம்," என்றாள் சாருலதா. அவளுடைய கை தானாக நெற்றிக்குப் போயிற்று. "கோயில்லேருந்து நேரா வந்தேன் சார். வெயில்ல வேர்த்துது, நெத்தியத் துடைச்சேன். அந்தக் கையோடயே…"

ராம்குமாரின் கையும் தானாகப் போயிற்று, சட்டைப்பைக்கு. அன்று வேறு சட்டை, பை காலியாக இருந்தது. ஆனால் அந்த நொடியில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கிழிந்த பொட்டலம், அதற்குள் புரண்டு எழுந்த எட்டு மூடிகள், தன் கட்டைவிரல். முதலில் வந்தது நிம்மதி. அதை மறைத்துச் சொல்வதில் பிரயோஜனமில்லை. நம் ஏழு பேரும் பிழைத்தார்கள் என்றுதான் அவர் மனசு முதலில் நினைத்தது. வெட்கம் அதற்குப் பின்னால் மெல்ல நடந்து வந்தது.

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம், அதுவும் சின்ன வாக்கியம். பூஜை அன்னைக்கு நான்தான்மா மூடியத் தொறந்தேன் என்று அப்போது சொல்லியிருந்தால், திட்டு விழுந்திருக்கும், சிரித்திருப்பார்கள், வாடிக்கையாளர்கள் புது முன்மாதிரி வரும்வரை காத்திருந்திருப்பார்கள். அந்த 'காத்திருந்திருப்பார்கள்' என்ற இடத்தில்தான் அந்த வாக்கியம் நின்றுவிட்டது. காத்திருந்தால் அவர்கள் வெளிச்சத்தைத்தான் எடுப்பார்கள்.

"பதறாதம்மா, தொடச்சுப் பாப்போம்," என்றார்.

அன்று சாயங்காலமும், புதன்கிழமை முழுதும், வியாழக்கிழமை முழுதும் அவர் அவளோடு உட்கார்ந்தார். ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்தார்கள், வேறு திரவங்களில் துடைத்தார்கள், காற்றடித்தார்கள். அவள் குனிந்து வேலை செய்ய, அவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். கேண்டீனிலிருந்து அவளுக்குத் தயிர்சாதம் வரவழைத்து, சாப்பிட்டால்தான் ஆயிற்று என்று எதிரில் நின்றார். திட்டுகள் அசையவில்லை. பக்கத்தில் செம்பு அலமாரி இரைந்துகொண்டே தன் எழுபத்திரண்டு மணி நேரத்தை ஓடி முடித்தது. போட்டிக்காரிக்காக இப்படி உழைக்கிறாரே, சாருக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்று அவருடைய ஏழு பேரும் பேசிக்கொண்டார்கள். அது அவர் காதிலும் விழுந்தது.

எட்டு வாயிலும் எப்படிக் குங்குமம் போயிருக்கும் என்று சாருலதா இரண்டு மூன்று முறை தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். கையுறை வேறு போட்டிருந்தாளே. பிறகு அவளே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டாள், கையுறை மாட்டும்போதே விரல்களில் பட்டிருக்கும் என்று. தப்பு தன்னுடையது என்று ஒருவர் முடிவுகட்டிவிட்டால் கணக்கு உதைப்பதை அவர் கவனிப்பதில்லை. ராம்குமார் டார்ச்சை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை கூட்டம். ஸ்ரீனிவாசராகவன் மேஜைக்கு எதிரில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். சாருலதா சுற்றிவளைக்கவில்லை.

"என் கைதான் சார். என் குங்குமம். பார்க்காம சொருகினதும் நான்தான்."

"தைவானுக்கு அனுப்பிச் சரிபண்ண எத்தனை நாளாகும்?"

"ஏழு மாசம்னு சொல்றாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ராம்குமார், நீர் மூணு நாளும் கூட இருந்தீர். ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல சார்," என்றார் ராம்குமார்.

அதோடு வெளிச்சம் முடிந்தது. சாருலதாவிடம் நடந்ததை ஓர் அறிக்கையாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார்கள், தந்தாள். ஒரு மாத நோட்டீசு. அடுத்த வாரம் லேப் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: குங்குமம், விபூதி, சந்தனம் இட்டுக்கொண்டு உள்ளே வரக்கூடாது. காரணம் என்று கீழே அந்த அறிக்கையின் இரண்டு வரிகளும் தேதியும். நோட்டீசு மாதம் முழுக்க அவள் அந்தக் கதவைத் திறந்துதான் உள்ளே போய் வந்தாள். இந்தத் தொழிலில் ஆட்கள் கொஞ்சம்; பெங்களூரில் இருப்பவர்களுக்கும் விஷயம் இரண்டே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் போன இரண்டு நேர்முகத் தேர்வுகளிலும், அந்தக் குங்குமம் விஷயம் நீங்கதானா என்று கேட்டார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டாராம்.

வாடிக்கையாளர்கள் அரை மனசோடு செம்புக்குத் தலையசைத்தார்கள். ஒப்பந்தம் ஜனவரியில் கையெழுத்தாகும் என்றார்கள். ராம்குமாருக்குச் சாப்பாடு இறங்க ஆரம்பித்திருக்க வேண்டும், ஆனால் இறங்கவில்லை. கையெழுத்தாகட்டும், அப்புறம் சொல்லிவிடலாம் என்று தினமும் தனக்குத்தானே தவணை சொல்லிக்கொண்டார்.

சாருலதா போய் மூன்று வாரம் கழித்து ஒரு நாள், லேபின் மூலையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் தமிழ்நிலா வந்து நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கவா?"

"கேளும்மா."

"பூஜை அன்னிக்கு மூடிங்கள எங்க போட்டு வெச்சீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"பாக்கெட்ல. குங்குமப் பொட்லத்தோட. தட்ட புட்ச்சிக்கினு நான்தான எதிர்ல நின்னுக்கினு இருந்தேன்."

"அப்பமே சொல்லிருக்கலாமேம்மா," என்றார் அவர். சொன்ன பிறகுதான், தான் யாரைப் பார்த்து என்ன கேட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

"நான் கான்ட்ராக்ட்டு சார். நான் சொன்னா, தட்டு உன் கைலதான இருந்துச்சு, நீ கொட்னியான்னு என்னியத்தான் கேப்பாங்க. அடுத்த மாசம் உள்ள விட மாட்டாங்க. வூட்ல நான் ஒருத்திதான் சம்பாரிக்கிறேன்." அவள் குரலை உயர்த்தவில்லை. "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். இன்னும் பாத்துக்கினுதான் கீறேன்."

அவள் பற்றவைப்பு மேஜைக்குத் திரும்பிப் போய் வேலையைப் பார்த்தாள். ராம்குமாருக்கு அன்று முழுதும் முதுகு எரிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் மயிலாப்பூர் போனார். சித்திரக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், முதல் மாடியில் வீடு. சாருலதாவின் அம்மா விசாலாக்ஷி வயலின் சொல்லிக்கொடுப்பவர். அப்போதுதான் வகுப்பு முடிந்து இரண்டு பெண்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். பெயரைச் சொன்னதும் விசாலாக்ஷியின் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்கதானா? உள்ள வாங்கோ, உள்ள வாங்கோ. மூணு நாளும் அவளோட ஒக்காந்துண்டு பார்த்தேளாமே. தயிர்சாதம் வாங்கிக் குடுத்தேளாமே. ஆத்துக்கு வந்து சொன்னா. அத்தனை பேர்ல அவர் ஒருத்தர்தாம்மா மனுஷர்னா."

சாருலதா உள்ளேயிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. சின்னதாக ஓர் ஒட்டுப்பொட்டுகூட இல்லை.

"பார்த்தேளா, இப்படித்தான் இருக்கா," என்றார் விசாலாக்ஷி, குரலைத் தாழ்த்தாமலே. "நெத்தியில ஒண்ணும் இட்டுக்க மாட்டேங்கறா. கோவிலுக்கும் வரதில்லே. நேத்து வெள்ளிக்கிழமையும் அதுவுமா வயசுப் பொண்ணு வெறும் நெத்தியோட ஒக்காந்துண்டிருந்தா, எனக்குப் பாக்கவே முடியலே. நீங்களாவது சொல்லுங்கோ. இருங்கோ, காப்பி கலந்துண்டு வரேன்."

அம்மா சமையலறைக்குப் போனதும் ராம்குமார் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"சாரு, அது உன் குங்குமம் இல்ல."

அவள் நிமிர்ந்தாள்.

"என்னோடது," என்றார். பூஜையை, அப்பாவின் சட்டத்தை, மூடிகளை, பையை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானதுபோல இருந்தது. கண்ணில் நீர்கூட வந்துவிட்டது.

சாருலதா அழவில்லை.

"எட்டு மூடியும் ஒரே பாக்கெட்லயா?"

"ஆமா."

"அதான் எட்டுலயும். எனக்கு அந்த ஒண்ணு மட்டும் புரியாமலே இருந்தது." பிறகு கேட்டாள். "எப்ப சார் தெரிஞ்சுது உங்களுக்கு?"

ராம்குமார் எதிர்பார்க்காத கேள்வி அது. இப்போதுதான் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தார். முடியவில்லை.

"நீ அந்த நாடாவ விளக்குல பிடிச்சுக் காட்டினேல்ல, அப்ப."

"செவ்வாய்க்கிழமை."

"ஆமா."

"அதுக்கப்புறம் புதன், வியாழன்," என்றாள் அவள். "டார்ச் பிடிச்சிங்க."

சமையலறையில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. அவளுடைய முகம் அப்போதுதான் மாறியது. தப்பு தன்னுடையதல்ல என்று தெரிந்தபோது மாறாத முகம், இந்த இரண்டு நாட்களை எண்ணியபோது மாறியது. ராம்குமாரால் அதைப் பார்க்க முடியவில்லை.

அவள் எழுந்து, பாட்டு நோட்டு ஒன்றிலிருந்து தாள் கிழித்துப் பேனாவோடு அவர் முன்னால் வைத்தாள். "எழுதிக் குடுங்க சார். நான் எழுதின மாதிரியே. பார்க்காம சொருகினது என் தப்பு, அதை நான் மாத்திச் சொல்ல மாட்டேன். நீங்க செஞ்சதை மட்டும் எழுதுங்க."

ராம்குமார் பேனாவை எடுத்தார். தேதியை எழுதினார். 'ராம்குமார் ஆகிய நான்' என்று எழுதினார். கை அங்கே நின்றது. இந்தத் தாள் ஸ்ரீனிவாசராகவனிடம் போகும். அங்கிருந்து வாடிக்கையாளர்களுக்குப் போகும். ஜனவரி போய்விடும். ஏழு பேர். அவரையும் சேர்த்தால் எட்டு.

"ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகல சாரு," என்றார். "எங்கிட்ட ஏழு பேரு இருக்காங்க. ஒருத்தனுக்கு இப்பதான் குழந்தை பொறந்திருக்கு. ஜனவரி மட்டும் முடியட்டும். முடிஞ்ச மறுநாளே நானே எழுதி…"

சாருலதா அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள். அவர் முடிக்கவில்லை. அவருடைய கைக்குக் கீழேயிருந்து தாளை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"அப்ப இதுக்குத்தான் வந்திங்களா சார்?"

அவருக்குப் புரியவில்லை.

"எங்கிட்டச் சொல்றதுக்கு. சொல்லிட்டிங்க, உங்களுக்கு இறங்கிடுச்சு. நான் இதை வெச்சுண்டு என்ன பண்ணுவேன்? கையெழுத்துப் போட்டுக் குடுத்தவ நான். இப்ப போய் மாத்திச் சொன்னா, பழியை அடுத்தவர் தலையில போடறாம்பா. இத்தனை நாள் என்மேலதான் கோபமா இருந்தது. அழுதுண்டாவது இருந்தேன்."

விசாலாக்ஷி டவரா டம்ளரோடு வந்தார். சாருலதா தாளை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். அம்மா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெண் யாரிடமோ மனம் விட்டுப் பேசியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. காப்பி கொதித்தது. ராம்குமார் ஆற்றாமலே குடித்தார், நாக்கு வெந்தது.

வாசல்வரை விசாலாக்ஷி கூடவே வந்தார்.

"அடிக்கடி வாங்கோ. அவளுக்குன்னு வந்து நாலு வார்த்தை பேச உங்களை விட்டா யாருமில்லே. நீங்க நன்னா இருக்கணும், உங்க குழந்தைகள் நன்னா இருக்கணும்."

ராம்குமார் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். உள்ளே சாருலதா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாரேன்மா," என்றார் ராம்குமார்.